தேய்ந்த மரத்தளம்: இழைக்கத் தொடங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

வாசற்பலகை
கெட்டி மரப் பலகைத் தளம். அறை 20 சதுர மீட்டர். பலகை 90 மி.மீ. அகலம், 18 மி.மீ. கனம், நாக்கு-காடி இணைப்பு (ஒரு பலகையின் ஓரத்தில் நீட்டும் நாக்கு, அடுத்த பலகையின் காடிப் பள்ளத்தில் செருகும் வகை), அடியில் மர விட்டங்கள். கதவுப் பக்கம் வார்னிஷ் முழுசாகப் போய் மரம் சாம்பல் நிறமாகிவிட்டது. ஜன்னலடியில் கறுப்புக் கறைகள், அங்கே பலகைகளின் ஓரங்கள் தூக்கி நடு குழிந்திருக்கிறது. இடைவெளி சில இடத்தில் 1 மி.மீ., சில இடத்தில் 4 மி.மீ. நடுவில் மிதித்தால் கிறீச்சென்று சத்தம். டிரம் சாண்டர் (சுற்றும் உருளையில் உப்புத்தாள் மாட்டிய இழைப்பு இயந்திரம்) வாடகைக்கு எடுத்து ஒரேயடியாக இழைத்து, பாலியூரித்தேன் பூச்சு அடித்துவிடலாம் என்று எண்ணம். எந்த நம்பர் உப்புத்தாளில் தொடங்குவது?

இழைப்புளி
தாள் நம்பர் கடைசிக் கேள்வி சார். முதல் கேள்வி, இழைக்க மரம் மிச்சம் இருக்கிறதா என்பது.

18 மி.மீ. பலகை என்றால் 18 மி.மீ.யும் உங்களுக்குச் சொந்தமில்லை. நாக்குக்கு மேலே இருக்கும் மரம்தான் இழைக்கக் கிடைப்பது. புதுப் பலகையில் அது சுமார் 6 மி.மீ. முழு அறையையும் டிரம் போட்டு இழைத்தால் ஒவ்வொரு தடவையும் 0.5 முதல் 1 மி.மீ. வரை போகும். கை தேராதவர் ஓட்டினால் அதற்கு மேலும் போகும். மேலே 2 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் காடியின் மேல் உதடு மெலிந்து, நடக்க நடக்க நீளவாக்கில் சிராய் பிளந்துகொண்டு வரும். அதன் பிறகு எதை அடித்தாலும் நிற்காது.

அளப்பது சுலபம். கதவின் வாசற்படிப் பட்டையையோ சுவரோரப் பட்டையையோ ஓரிடத்தில் கழற்றினால் பலகையின் முனை தெரியும். அதுவும் முடியாவிட்டால் அகலமான இடைவெளியில் மெல்லிய எஃகு ஸ்கேலை விட்டு, நாக்கில் தட்டும் வரை இறக்கி அளக்கலாம். நாக்கில் மறைவாக அடித்த ஆணிகள் இப்போதே எங்காவது மேலே பளபளவென்று தெரிந்தால் அந்தத் தளம் ஏற்கெனவே பல தடவை இழைபட்டது. அதில் டிரம் ஏற்றவே கூடாது.

படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து: பலகை முனையில் ஒட்டுப்பலகை அடுக்கு தெரிந்தால், மேலே இருக்கும் அசல் மரம் 2 முதல் 6 மி.மீ.தான். 2 மி.மீ. என்றால் மேற்பூச்சை மட்டும் தேய்த்துப் புதுப்பூச்சு, அவ்வளவுதான். லாமினேட் என்றால் மேலே இருப்பது அச்சடித்த தாள். அதை இழைக்கவே முடியாது.

ஈரமானி
அதைவிட அவசரம் ஜன்னலடி. ஓரம் தூக்கி நடு குழிந்தால் ஒரே பொருள்: பலகையின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட ஈரமாக இருக்கிறது. அடி ஊதுகிறது, மேல் ஊதவில்லை. அதனால் பலகை கிண்ணம் மாதிரி வளைகிறது.

இந்த நிலையில் இழைத்தால் தூக்கி நிற்கும் ஓரங்கள்தான் வெட்டுப்படும். அப்போதைக்குத் தளம் மட்டமாகத் தெரியும். பிறகு ஈரம் காய்ந்து பலகை தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது, ஓரம் மெலிந்து நடு புடைத்து நிற்கும். அதைச் சரிசெய்ய மறுபடி இழைக்க வேண்டும். காத்திருந்தால் போயே இருக்காத 1 மி.மீ. மரம் அநியாயமாகப் போய்விடும்.

ஊசி வகை ஈரமானி ஒன்றை எடுத்து, ஜன்னலடியில் நாலு இடம், அறை நடுவில் நாலு இடம், அடியில் போக முடிந்தால் விட்டங்களிலும் அளவு எடுங்கள். 75 மி.மீ.க்கு மேல் அகலமான பலகையில் பலகைக்கும் அடித்தளத்துக்கும் 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறுகலான பலகைக்கு 4 வரை பரவாயில்லை. எங்காவது 20 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே பூஞ்சை வேலையைத் தொடங்கியிருக்கலாம். குத்தூசியால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை நின்றுவிடும், சிராய் நீளமாகக் கிளம்பும். உளுத்த மரத்தில் அப்படியே இறங்கும், சிராய் துண்டு துண்டாக உடையும்.

வாசற்பலகை
அளந்துவிட்டேன். நாக்குக்கு மேல் 5 மி.மீ. இருக்கிறது. ஈரம் அறை நடுவில் 10, ஜன்னலடிப் பலகையில் 12, அதன் கீழ் விட்டத்தில் 16. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே மழைத் தண்ணீர் இறங்குகிறது. குத்தூசி இரண்டு பலகைகளில் மட்டும் இறங்குகிறது. மின்விசிறி வைத்துச் சீக்கிரம் காய வைக்கலாமா?

ஈரமானி
ஜன்னல் கசிவை முதலில் அடைத்துவிடுங்கள். மேலே விசிறி வைத்தால் மேற்பக்கம்தான் இன்னும் காயும், வளைவு கூடும். காற்று போக வேண்டியது அடியில். சுவரில் அடித்தளக் காற்றுத் துளைகள் இருந்தால் மண், குப்பை அடைத்திருக்கிறதா பாருங்கள். எப்படியும் கழற்றப் போகிற அந்த இரண்டு பலகைகளை இப்போதே எடுத்துவிடுங்கள். அந்த வழியாக அடிக்காற்று ஓடும். வாரம் ஒரு தடவை அதே புள்ளிகளில் அளவெடுத்துக் குறித்து வையுங்கள். அளவு இறங்காமல் நின்றால் காய்ந்தாயிற்று என்று பொருள். நாள் கணக்கு சொல்ல முடியாது, சில வாரம் ஆகலாம், சில மாதமும் ஆகலாம்.

காய்ந்ததும் பெரும்பாலும் வளைவு பாதிக்கு மேல் தானாக இறங்கிவிடும். மிச்சத்தை மட்டும் இழைத்தால் போதும்.

கொட்டாப்புளி
அந்தப் பலகைகளைக் கழற்றும் முறையைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பக்கத்துப் பலகைகள் பாழாகும்.

வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகைக் கனத்துக்குச் சரியாக, 18 மி.மீ.க்கு வையுங்கள். 25-க்கு வைத்தால் விட்டத்தையும் சேர்த்து அறுப்பீர்கள். பலகையின் ஓரத்திலிருந்து 20 மி.மீ. உள்ளே தள்ளி, நீளவாக்கில் இரண்டு இணைகோடுகள் அறுக்க வேண்டும். முனைக்கு 5 செ.மீ. முன்னே நிறுத்தி, மிச்சத்தை உளியால். நடுத்துண்டை நெம்பி எடுங்கள். பிறகு காடிப் பக்கத் துண்டை உள்நோக்கி இழுங்கள், கடைசியாக நாக்குப் பக்கத் துண்டு. நெம்புகோலைப் பக்கத்துப் பலகை மேல் ஊன்றக் கூடாது. பழைய ஆணிகளைப் பிடுங்க முடியாவிட்டால் வெட்டிவிடுங்கள், தலை நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது.

புதுப் பலகை அதே மரம், அதே அகலம். அந்த அறையிலேயே ஒன்றிரண்டு வாரம் கிடந்து அறையின் ஈரத்துக்கு வரட்டும். அதன் காடியின் கீழ் உதட்டை உளியால் முழுநீளமும் எடுத்துவிட்டால், நாக்கை ஒரு பக்கம் செருகி, மறுபக்கம் மேலிருந்து அப்படியே இறக்கலாம். மரக்கட்டை வைத்துத் தட்டி உட்கார வையுங்கள், சுத்தியல் நேராகப் படக் கூடாது. விட்டம் வரும் இடத்தில் இரண்டு ஆணி. ஆணிக்கு முன்னால் சிறு துளை போடாவிட்டால் பலகை முனை பிளக்கும். புதுசு பழசைவிட அரை மி.மீ. மேலே நின்றால் நல்லது, இழைக்கும்போது சரியாகும். கீழே நின்றால் முழு அறையையும் அதற்காக இறக்க வேண்டி வரும். அடுத்தடுத்த பலகைகளின் முனை மூட்டு ஒரே நேரில் வராமல் குறைந்தது 15 செ.மீ. தள்ளி வரட்டும்.

கிறீச் சத்தம்: ஒருவர் மேலே மிதிக்க, இன்னொருவர் கீழே பார்க்க முடிந்தால் காரணம் உடனே தெரியும். விட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி என்றால், பசை தடவிய மெல்லிய ஆப்பைக் கையால் தள்ளி, இறுகியதும் நிறுத்துங்கள். சுத்தியலால் அடித்தால் பலகை தூக்கி, சத்தம் பக்கத்துக்கு நகரும். கீழே போக வழியில்லையென்றால் விட்டம் இருக்கும் இடத்தைக் கண்டு, மேலிருந்து மெல்லிய திருகாணியைச் சாய்வாக இறக்கி, தலையை உள்ளே புதைத்து மேலே அடைப்பு வையுங்கள். பலகையும் பலகையும் உரசும் சத்தத்துக்கு இடுக்கில் டால்க் பவுடர் போதும். ஆனால் இழைத்துப் பூச்சு அடிக்கப் போகிறீர்கள் என்றால் பவுடர் போடாதீர்கள், பூச்சு அந்த இடத்தில் ஒட்டாது.

மெருகுக்காரன்
இழைப்பது தேவையா என்பதையும் இடத்துக்கு இடம் பார்க்கலாம். மேற்பூச்சு தேய்ந்திருக்கிறது, மரம் இன்னும் வெளிவரவில்லை என்றால், 120 நம்பர் வலைத்தாள் போட்ட வட்ட பஃபரால் (தரையில் தட்டையாகச் சுற்றும் தேய்ப்பு இயந்திரம்) பூச்சை மட்டும் மங்கலாக்கி, ஒரு கை புதுப்பூச்சு. மரம் ஒரு இழையும் குறையாது. சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மணியாக நின்றால் பூச்சு உயிரோடு இருக்கிறது. உள்ளே இறங்கி மரம் கறுத்தால் பூச்சு போய்விட்டது.

ஆனால் அதற்கு முன் பழைய பூச்சு எதுவென்று தெரிய வேண்டும். மறைவான மூலையில் வெள்ளைத் துணியை டர்பன்டைனில் நனைத்துத் தேயுங்கள். மஞ்சளோ பழுப்போ ஒட்டிக்கொண்டு வந்தால் மெழுகு. மெழுகு மேல் பாலியூரித்தேன் அடித்தால் மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகி நிற்கும், பிறகு உரிந்து வரும். ஸ்பிரிட் தொட்டதும் பிசுபிசுத்தால் ஷெல்லாக் (அரக்குப் பூச்சு). இரண்டிலும் அசையாவிட்டால் பெரும்பாலும் பாலியூரித்தேன். மெழுகு இருந்தால் பஃபர் வழி அடைபட்டது, மரம் தெரியும் வரை இழைப்பதுதான்.

வாசற்பலகை
மெழுகு இல்லை. ஆனால் அறையின் பாதிக்கு மேல் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கதவுப் பக்கம் மட்டும் இழைத்து, மற்ற இடம் பஃபர் போட்டால் போதுமா?

மெருகுக்காரன்
வேண்டாம். இழைத்த இடமும் இழைக்காத இடமும் நிறத்தில் ஒருபோதும் சேராது. பழைய மரம் வெளிச்சத்தில் நிறம் மாறியிருக்கும். பாதி போய்விட்டது என்றால் முழு அறை இழைப்புதான் சரி. 5 மி.மீ. இருக்கிறது, தாராளமாகத் தாங்கும்.

தச்சுப்பட்டறை
இடைவெளிக்குப் பட்டி போட்டு அடைத்துவிடுங்கள், 80 நம்பர் தாளில் வரும் தூளை ரெசின் கரைசலில் குழைத்தால் நிறமும் பொருந்தும்.

கொட்டாப்புளி
4 மி.மீ.க்குப் பட்டி நிற்காது அண்ணே. வறண்ட காலத்தில் பலகை சுருங்கி இடைவெளி திறக்கும், ஈரக் காலத்தில் மூடும். திறந்திருக்கும்போது கெட்டியாக அடைத்தால், பலகை ஊதும்போது போக இடமில்லாமல் ஓரங்கள் நசுங்கும். அடுத்த வறட்சியில் நசுங்கிய ஓரம் திரும்பி வராது. பட்டி பொடிந்து விழும், இடைவெளி முன்னைவிட அகலமாகும்.

1 மி.மீ. இடைவெளியை அப்படியே விடுங்கள். வருடம் முழுக்க மூடாமல் நிற்கும் 4 மி.மீ.க்கு அதே மரத்தில் ஆப்புப் பட்டை சீவி, ஒரு பக்கத்துக்கு மட்டும் பசை தடவிச் செருகுங்கள். இரண்டு பக்கமும் பசை போட்டால் இரண்டு பலகையும் ஒன்றாகி, வேறு எங்கோ பிளக்கும். மேலே நீட்டுவதைச் சிறு இழைப்புளியால் சீவிவிட்டு இழைக்கத் தொடங்கலாம்.

தச்சுப்பட்டறை
ஒப்புக்கொள்கிறேன். ஆணித் துளை, முடிச்சு ஓட்டை, அசையாத கட்டைத் தளம், இதற்கெல்லாம் பட்டி சரி. விட்டத்தின் மேல் நிற்கும் பலகைத் தளத்துக்கு நீங்கள் சொல்வதுதான்.

இழைப்புளி
இப்போது இழைப்பு. இயந்திரம் உள்ளே வரும் முன் இரண்டு எச்சரிக்கை. தளத்தில் பழைய பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். சோதிக்காமல் உலர்வாக இழைக்காதீர்கள். பழைய பார்க்கே கட்டைகளின் (வடிவமாக அடுக்கி ஒட்டிய சிறு மரத்துண்டுகள்) அடியில் கறுப்புத் தார்ப் பசை இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, அதையும் சோதிக்காமல் தொடக் கூடாது. வெறும் மரத்தூளையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. துணியைக் கட்டிக்கொண்டு நிற்காமல் முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் தூசிக் கவசம் போடுங்கள்.

எல்லா ஆணித் தலையையும் 3 மி.மீ. உள்ளே இறக்குங்கள். ஒரு ஆணி மிச்சம் இருந்தாலும் தாள் கிழியும். தீப்பொறி தூசிப் பையில் போனால் உடனே தெரியாது, மணிக்கணக்கில் கனன்று பிறகு எரியும். வேலை முடிந்ததும் பையை வீட்டுக்குள் வைக்காதீர்கள், வெளியே கொட்டிவிடுங்கள்.

எந்த நம்பர் என்றால் (நம்பர் குறையக் குறையத் தாள் கரடு): ஒரு ஓரத்தில் 60 போட்டு ஒரு நடை ஓட்டிப் பாருங்கள். பூச்சு சுத்தமாக வந்துவிட்டால் 40 தேவையே இல்லை. வராவிட்டால் மட்டும் 40. அங்கிருந்து 60, 80, 100. 40-லிருந்து 100-க்குத் தாவினால் முந்தின தாளின் கீறல் அப்படியே நிற்கும். பூச்சு அடித்ததும் அது பளிச்சென்று தெரியும், அதற்குப் பிறகு வழியில்லை.

டிரம்மை மரத்தில் வைத்துவிட்டு ஸ்விட்சைப் போடக் கூடாது. தூக்கிய நிலையில் சுற்ற விட்டு, நடக்கத் தொடங்கிய பிறகு மெல்ல இறக்குங்கள். நிற்கும் முன்னால் தூக்குங்கள். டிரம் தரையில் இருக்க ஒரு நொடி நின்றாலும் பள்ளம் விழும். ரேகை வாக்கில் முன்னால் போய், அதே தடத்தில் பின்னால் வந்து, 8-10 செ.மீ. தள்ளி அடுத்த தடம். அறையின் மூன்றில் இரண்டு பங்கை ஒரு பக்கமிருந்து முடித்து, திரும்பி நின்று மிச்சத்தை முடியுங்கள். நடுவில் இரண்டு தடமும் அரை மீட்டருக்கு மேல் ஒன்றின் மேல் ஒன்று ஏறட்டும். உங்கள் ஜன்னலடியில் வளைவு மிச்சமிருந்தால் முதல் தாளை மட்டும் ரேகைக்கு 10-15 டிகிரி சாய்வாக ஓட்டுங்கள், மேடு சீக்கிரம் இறங்கும்.

ஒவ்வொரு தாளுக்கும் முன் தளம் முழுக்கப் பென்சிலால் லேசாகக் குறுக்குக் கோடு இழுத்துவிடுங்கள். கோடு எங்கே மிச்சமோ அங்கே தாள் படவில்லை. ஒரு டார்ச்சைத் தரையோடு ஒட்டி வைத்துப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால் நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறலெல்லாம் நிழல் விழுந்து தெரியும். தாள் மாற்றும் முன் வாக்குவம் கட்டாயம். 40-இன் ஒரு மணல் துகள் 100-இன் அடியில் மாட்டினால் நீளக் கோடு போட்டுக்கொண்டே போகும்.

சுவரோரம் எட்ஜர், அதாவது ஓரத்துக்கான சிறு இழைப்பு இயந்திரம். அரை வட்டமாக நகர்த்திக்கொண்டே இருங்கள், அழுத்த வேண்டாம். மூலைக்குச் சுரண்டி. அதை அடிக்கடி அரத்தால் தீட்ட வேண்டும், மழுங்கினால் மரத்தைச் சீவாது, நசுக்கும். கடைசியில் 100 அல்லது 120 வலைத்தாள் போட்ட பஃபரால் முழு அறையும். எட்ஜர் தடத்தையும் டிரம் தடத்தையும் அதுதான் ஒன்றாக்கும். இதை விட்டால் சுவரைச் சுற்றிச் சட்டம் கட்டினாற்போல நிற வித்தியாசம் நிற்கும்.

குறுக்கே சம இடைவெளியில் அலை அலையாக வந்தால் டிரம் அதிர்கிறது. தாள் தளர்வாக மாட்டியிருக்கும், அல்லது சக்கரத்தில் ஏதாவது ஒட்டியிருக்கும். அடுத்த தாள் போட்டு மறைக்கப் பார்க்காமல் உடனே நிறுத்திச் சரிசெய்யுங்கள்.

வாசற்பலகை
கறுப்புக் கறையை இழைத்தே எடுத்துவிடலாமா?

மெருகுக்காரன்
ஆழமாக இறங்கியிருக்கும், அதைத் துரத்திக்கொண்டு போனால் குழி விழும். ஆணி இரும்பும் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் தண்ணீரில் சேர்ந்து உண்டாகும் கறை அது. ஆக்ஸாலிக் அமிலம்தான் மருந்து. 80 நம்பர் வரை இழைத்த பிறகு செய்யுங்கள், மரம் திறந்திருக்கும்.

பிளாஸ்டிக் வாளியில் 1 லிட்டர் சுடுநீருக்கு 80-100 கிராம். கையுறை, கண்ணாடி கட்டாயம். கறையில் மட்டும் தொடாமல் அந்தப் பலகையின் முழு அகலத்துக்கும், மூட்டிலிருந்து மூட்டு வரைக்கும் தூரிகையால் தடவுங்கள், இல்லாவிட்டால் திட்டு விழும். காய்ந்ததும் வெள்ளைப் படிகம் நிற்கும். அதைப் பெருக்கவோ இழைக்கவோ கூடாது, அந்தத் தூள் மூச்சில் போனால் நெஞ்சு எரியும். ஈரத்துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்து, 1 லிட்டர் நீருக்கு இரண்டு மேஜைக்கரண்டி சமையல் சோடா கலந்து ஒரு தடவை துடைத்து, மறுபடி நல்ல தண்ணீர். ப்ளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். இரண்டு நாள் காயவிட்டு 100 தாள். இரண்டாம் தடவைக்கும் அசையாத கறை பெரும்பாலும் இரும்புக் கறை அல்ல, அந்தப் பலகையை மாற்றுவதுதான் வழி.

பூச்சுக் கணக்கு: 1 லிட்டர் ஒரு கைக்குச் சுமார் 10 சதுர மீட்டர். உங்கள் 20 சதுர மீட்டருக்கு மூன்று கை என்றால் 6 லிட்டர், கொஞ்சம் கூடுதலாக 7 வாங்குங்கள். எல்லா டின்னையும் ஒரே வாளியில் கலந்துவிட்டால் பளபளப்பு ஒரே மாதிரி வரும். குலுக்காதீர்கள், குமிழி வரும். அடியிலிருந்து கிளறுங்கள். மேட் பூச்சில் மங்கலாக்கும் பொடி அடியில் தங்கியிருக்கும், அதைக் கிளறி எழுப்பாவிட்டால் முதலில் அடித்த பாதி பளபளக்கும், கடைசிப் பாதி வெளுக்கும்.

பாலியூரித்தேனில் நீர் வகை நிறம் மாறாது, சில மணி நேரத்தில் அடுத்த கை. எண்ணெய் வகை தேன் நிறம் கொடுக்கும், கைக்குக் கை ஒரு நாள், நெடி அதிகம். சுவரோரத்தைப் பிரஷால் அடிப்பவரும் ரோலர்காரரும் பக்கத்திலேயே நகர வேண்டும். ஓரம் காய்ந்த பிறகு ரோலர் வந்தால் கோடு நிற்கும். கைகளுக்கு நடுவே 220 தாள். நீர் வகைக்கு ஸ்டீல் வுல் தொடாதீர்கள், இழை உள்ளே தங்கித் துருப்புள்ளி வரும்.

தேக்கு என்றால் பூச்சுக்குச் சற்று முன் தின்னரால் துடைக்க வேண்டும், அதன் எண்ணெய் மேலே வந்துகொண்டே இருக்கும்.

தச்சுப்பட்டறை
கதவுப் பக்கம் இவ்வளவு தேய்கிறது என்றால் கெட்டிமெழுகு எண்ணெயையும் (எண்ணெயும் மெழுகும் கலந்த பூச்சு) யோசிக்கலாமே. பாலியூரித்தேன் கீறினால் முழு அறைக்கும் கை போட வேண்டும். எண்ணெய் என்றால் தேய்ந்த நாலு பலகையை மட்டும் லேசாகத் தேய்த்து மறுபடி தடவலாம்.

மெருகுக்காரன்
உண்மை. ஆனால் தண்ணீர் தேங்கினால் பாலியூரித்தேன் அளவுக்குத் தாங்காது, அவ்வப்போது திரும்பத் தடவியே ஆக வேண்டும். பராமரிக்கிறவருக்கு எண்ணெய், அடித்துவிட்டு மறக்கிறவருக்குப் பாலியூரித்தேன். எண்ணெய் என்றால் மிக மெல்லிசாக, 15-20 நிமிடத்தில் மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தேங்கினால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும்.

வாசற்பலகை
ஜன்னல் அடைத்தாயிற்று, பலகை இரண்டும் எடுத்தாயிற்று. காய்ந்து பூச்சு முடிந்ததும் மேஜை நாற்காலி, விரிப்பு எப்போது போடலாம்?

மெருகுக்காரன்
நீர் வகை என்றால் 24 மணி நேரத்தில் காலுறையோடு நடக்கலாம், மூன்றாம் நாள் மேஜை நாற்காலி. இழுக்காமல் தூக்கி வையுங்கள், காலடியில் ஃபெல்ட் ஒட்டுங்கள். விரிப்பு மட்டும் குறைந்தது 10-14 நாள் கழித்து. பூச்சு முழுசாக இறுக அவ்வளவு ஆகும், அதற்குள் மூடினால் விரிப்பின் அடித்தடம் பதிந்துவிடும். எண்ணெய் வகைப் பாலியூரித்தேனுக்கு ஒரு மாதம் வரை பொறுங்கள்.

கொட்டாப்புளி
கெட்டிமெழுகு எண்ணெய் எடுத்தால் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், குவியலுக்குள் சூடு தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். ஒவ்வொன்றாக வெளியே விரித்து விறைப்பாகக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட இரும்பு டப்பாவில் அமுக்கி வையுங்கள். அந்த எண்ணெய்ப் பூச்சை நடுவில் தேய்க்கும்போது வரும் தூளுக்கும் இதேதான்.